அவள் போட்ட அவரை

எங்கள் வகையறாவுக்கு அவரை ஆகாது. சாப்பிட ஆகாது என்பதில்லை; வாங்கி வந்து பொரியலாகவும் சாம்பாரிலும் தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டுத் தோட்டத்தில் போடக் கூடாது, அவ்வளவுதான். போட்டு, கொடி படர்ந்து, காய்த்துவிட்டால் அந்த வீட்டில் ஆள் தங்காது என்பது அப்பா வழியில் வந்த பேச்சு. எந்தக் காலத்திலோ அவரைப் பந்தலுக்குக் கீழே தூளியில் தூங்கிய பிள்ளை ஒன்று எழுந்திருக்கவில்லையாம். அப்பா சொல்லும்போது பாம்பு கடித்துவிட்டது என்பார். சித்தப்பா சொல்லும்போது அதே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். எப்படிச் செத்தது என்றே தெரியாத ஒரு பிள்ளைக்குப் பயந்து, இத்தனை தலைமுறையாக அவரையைக் கடையில் வாங்கித் தின்றோம்.

இப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று இருக்கும். எங்கள் எதிர்வீட்டுக்காரர்களுக்குப் பாகல். கோயில் தெருவில் ஒரு குடும்பத்துக்கு வெள்ளைப் பூசணி. கேட்டால் "எங்களுக்கு ஆகி வராதுங்க" என்பார்கள். அதற்கு மேல் யாரும் யாரையும் தோண்டிக் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவரை போடாமலேயே எங்கள் வீட்டில் ஆள் தங்கவில்லை. அப்பா போனார், அம்மா போனாள். தம்பி ஒருவன் இருந்தான். கல்யாணமாகி மாமனார் ஊரோடு போய், அங்கேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருந்த பதில்கள் எல்லாம் கேட்பவர்கள் தீர்ந்துபோனதால் வீணாகிவிட்டன. பால்வாடியில் டீச்சராக இருந்தேன். ஊரில் இன்று மீசை வைத்திருக்கிற பாதிப் பேருக்கு நான் மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பழமொழி சொன்னவன் தன் பிள்ளை இல்லாதவளைப் பற்றி யோசிக்கவில்லை.

ரிட்டயர் ஆன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அதைவிட, கறி எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஒரு ஆளுக்குக் காய் வாங்குவது பெரிய கஷ்டம். கால் கிலோ வாங்கினால் இரண்டு நாளைக்கு அதையே தின்ன வேண்டும். ஒருநாள் தள்ளுவண்டிக்காரரிடம் நூறு கிராம் அவரைக்காய் கேட்டேன். அவர் தராசைத் தொடவே இல்லை. "அத போயி நிறுப்பாங்களா டீச்சர்? கொசுறா எடுத்துக்குங்க" என்று ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டார். மரியாதையாகத்தான் செய்தார். ஆனால் என் ஒரு வேளைச் சாப்பாடு மற்றவர்கள் வீட்டுக் கொசுறு என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று வீட்டுக்கு வந்து அந்த அவரையைச் சமைக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் தோட்டம் போட்டேன். எங்கள் ஊர் பாகூர் ஏரியின் கடைமடை. ஏரித் தண்ணீர் எங்களுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நல்ல வேளையாகப் பின்பக்கம் கைப்பம்பு இருந்தது. வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை எல்லாம் வந்தன. கொத்தவரை காய்க்கும், ஆனால் அதில் ஒரு கசப்பு இருக்கிறது; கூட்டத்தில் சாப்பிட்டால் தெரியாது, தனியாகச் சாப்பிட்டால் தெரியும். அவரை போடலாமா என்று யோசிப்பேன். எனக்கு என்ன, பிள்ளையா குட்டியா, போவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். அப்படியும் கை வரவில்லை. சாமி பூதம் என்றால் நான் பெரிதாக அலட்டிக்கொள்கிறவள் இல்லை, ஆனால் அப்பா போடாததை நான் போடுவதா என்று ஒரு தயக்கம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு ஒரு ஜோடி குடி வந்தது. அவளுக்கு முப்பது இருக்கும். ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ரோட்டு முனையில் இறக்கிவிடும், கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டே நடந்து வருவாள். புருஷன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மதகடிப்பட்டுப் பக்கம் லோடு ஏற்றப் போனால் என்றைக்குத் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சுவரில் கையை ஊன்றிக்கொண்டு என் செடிகளைப் பார்த்தாள்.

"அக்கா, இது இன்னா, பீன்ஸா?"

ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும். டீச்சர் என்றால் மரியாதை. அந்த மரியாதை ஒரு முழம் தள்ளியே நிற்கும், உள்ளே வராது. தம்பி போன பிறகு என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று.

"கொத்தவரங்காய்ம்மா. சாப்பிட்டதில்லையா?"

"சாப்டுருக்கேன்க்கா. தட்டுல கெடந்தா தெரியும். செடியில தொங்குனா எனக்கு எல்லாமே பீன்ஸ்தான். எங்க ஊரு நல்லவாடு. மணல்ல இன்னா மொளைக்கும்? கட்டுமரம்தான் நட்டு வெச்சிருப்பாங்க."

பீன்ஸ் மலைக்காய்டி, நம் வெயிலுக்கு வராது, நமக்கு வருவது அவரைதான் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவள் பால்வாடி நினைப்பில் நெடுநேரம் பேசிவிட்டேன். அவள் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப ஏன்க்கா நீ அவரை போடல?" என்று கடைசியில் கேட்டாள். சொன்னேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். படித்தவர்கள் சிரிப்பார்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பா வலையைத் தாண்ட வுடமாட்டாரு" என்றாள். "தெரியாம தாண்டிட்டா, வந்த வழியே திரும்பித் தாண்டச் சொல்லுவாரு. எங்களுக்கு எல்லாம் வலைதான். செடிகொடிக்கு எங்ககிட்ட ஒரு சட்டமும் இல்ல. நான் போடறேன்."

"வீட்டில் ஆள் தங்காதாம்."

"எங்க வூட்ல இருக்கறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு வண்டியிலயே குடித்தனம்" என்று சொல்லி, அப்போதுதான் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமும் உண்டு. ஆகாத வீட்டில் ஆகிற கையை வைத்துப் போடச் சொல்வார்கள். விதை போடுகிறவர்களுடையது, கை அவர்களுடையது, கொடி அவர்களுடையது; முதல் பறி அவர்கள் வீட்டுக்குப் போகும். அதன் பிறகு அவர்களாகப் பார்த்துக் கொடுப்பதை நாம் வாங்கிக்கொள்ளலாம். அவள் இதைக் கேட்டதும் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போடுகிற பெண்பிள்ளை மாதிரி உற்சாகமாகிவிட்டாள். "வெத என்து. தண்ணி என்து. பறிக்கறது என்து. நீ நெலம் மட்டும்தான்க்கா" என்றாள்.

ஆடியில் போட்டாள். புருஷன் மதகடிப்பட்டிலிருந்து விதை கொண்டுவந்திருந்தான். அவள் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அடியே, விதைக்கிறியா, புதைக்கிறியா?" என்றேன். பாதிக் குழியைக் காலால் தள்ளி மூடினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், ஒரு விதை தவறி உருண்டு என் காலடிக்கு வந்தபோதுகூடத் தொடவில்லை. அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

பந்தலுக்குச் சவுக்குக் கம்பு ஊன்றினோம். மேலே படர விட நான் கயிறு வாங்கச் சொன்னேன். அவள் நல்லவாட்டிலிருந்து அப்பாவின் கிழிந்த வலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். நீல நைலான் வலை. எத்தனை தடவை அலசியும் அதிலிருந்து மீன் வாசனை போகவில்லை. கொடி ஏறுவதற்கு முன்னால் ஊர்ப் பூனைகள் எல்லாம் பந்தலடியில் வந்து உட்கார்ந்து மேலே பார்க்கத் தொடங்கின. அவரைக்குப் பூனை காவல் இருந்த தோட்டம் இந்த வட்டாரத்தில் என்னுடையதாகத்தான் இருக்கும். தப்பு, அவளுடையது.

ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் இருக்க மண் அணைத்தோம். தளிரில் பேன் பிடித்தபோது இஸ்திரிக்காரரிடம் சாம்பல் வாங்கி வந்து காலைப் பனியோடு தூவினோம். அணைத்தோம், தூவினோம் என்று எழுதுகிறேன், செய்தது எல்லாம் அவள். நான் பக்கத்தில் நின்று வாயால் வேலை பார்த்தேன். கார்த்திகை கடைசியில் ஊதாப் பூ வந்தது. மார்கழியில் காய்த்தது, சாதாரணமாக இல்லை, வலை தொங்கிவிடும்படி காய்த்தது. முதல் பறியை முறத்தில் எடுத்துக்கொண்டு அவள் தன் வீட்டுக்குப் போனாள். போய்ப் படியேறிவிட்டு, அப்புறம் அதே முறத்தோடு என் வாசலுக்கு வந்தாள். "அக்கா, எங்க வூட்டு அவரக்கா. கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றாள், பெரிய மனுஷித் தோரணையில். என் தோட்டத்தில் காய்த்ததை நான் முந்தானை ஏந்தி வாங்கிக்கொண்டேன்.

அந்த மார்கழி மாதிரி ஒரு மாதம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ் ரோட்டு முனையில் பெருமூச்சு விட்டு நிற்கும். அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகத் தோட்டத்துக்கு வருவாள். பறிப்பாள். எனக்கென்று ஒரு பிடி தனியாக வைப்பாள். அது தள்ளுவண்டிக்காரர் போட்ட அதே ஒரு பிடிதான். ஆனால் கொசுறு இல்லை. அப்புறம் பம்பு மேடையில் உட்கார்ந்து காய்க்கு நார் உரித்துக்கொண்டே கம்பெனிக் கதை சொல்வாள். வாரத்தில் ஒருநாள் அவள் அப்பா வீட்டு மீன் வரும், குழம்பாகவே வரும்.

ஒரு வாரம் அவளுக்கு நைட் ஷிப்ட் போட்டார்கள். பகலில் தூங்கினாள், வரவில்லை. காய் முற்றத் தொடங்கியது. அவளே "நீ பறிச்சுக்கோக்கா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். பறிக்கவில்லை. ஆகாது என்று சொல்லிவிட்டேன். அது பொய். நான் பறித்துவிட்டால் அவள் வருவதற்கு வேலை இருக்காது, அதனால்தான் பறிக்கவில்லை. இந்த வயதில் ஒரு அவரைக்கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்காகக் காத்திருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. காத்திருந்தேன்.

மார்கழி முடிவதற்குள் ஒருநாள் பறித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்குது. மூணு மாசமாம்."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் அழுதாள். "முன்னாடி ரெண்டு வாட்டி தங்கலக்கா" என்றாள். "அதான் யாராண்டயும் சொல்லல. உன்னாண்டதான் மொதல்ல சொல்றேன்."

சந்தோஷத்தில் அவள் கண்ணை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தலைக்கு மேலே பார்த்தேன். வலை நிறையக் காய். ஆள் தங்காது. இதே வாயால் அவளிடம் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை.

மண் எங்கள் மண், கை அவள் கை. எங்களுக்கு ஆகாதது மண்ணோடு ஒட்டியதா, கையோடு ஒட்டியதா? இதை யாரிடம் போய்க் கேட்பது? அப்பாவிடம் கேட்டிருந்தால் பாம்பு என்பார், சித்தப்பாவிடம் கேட்டால் காய்ச்சல் என்பார். இரண்டு பேரும் இல்லை. பேசாமல் கொடியை அறுத்து எறிந்துவிடலாமா என்று கத்தியை எடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் கொடியைக் காய்க்கும்போது அறுக்கவே கூடாது. அது இன்னும் பெரிய பாவம், அது எல்லா வகையறாவுக்கும் பொது. கத்தியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். இப்படிப் பயந்து சாகிறவள் நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். எனக்காக ஒருநாளும் பயந்ததில்லை.

பொங்கல் கழிந்து சில நாள் போயிருக்கும். விடிந்தும் விடியாமலும் அவள் புருஷன் வாசலில் நின்றான். சட்டையில் பொத்தான்கூடப் போடவில்லை. "அக்கா, ஒரே வலியாம்க்கா, ரத்தம் வேற படுதுன்றா. ஆஸ்பத்திரிக்குப் போறோம், வூட்டப் பாத்துக்குங்க" என்றான். வண்டியின் முன்சீட்டில் அவள் கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது.

நான் தோட்டத்துக்கு வந்தேன். பனியில் அவரை மின்னியது. ஒரு செடியைப் பார்த்து மனுஷி ஆத்திரப்பட முடியுமா? முடிந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கொடி யாருடையதோ அவர்கள் வீட்டில்தானே ஆள் தங்காது? இது என் கொடி என்று ஆகிவிட்டால்? அந்தத் தோஷம் வரட்டும், வந்து இந்த வீட்டைப் பார்க்கட்டும், இங்கே எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று தேடட்டும்.

முறத்தை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரையைக் கொடியிலிருந்து என் கையால் பறித்தேன். காம்பு கிள்ளுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், ஆனால் என் விரலுக்கு அது பழக்கமில்லை, பூவும் சேர்ந்து வந்தது. பறித்ததில் ஒரு பிடியைச் சமைத்து, தேங்காய் போட்டு, அந்தக் காலையிலேயே சாப்பிட்டேன். அது போதாது என்று பட்டது. கொடி யாருடையது என்பது நாலு பேர் வாயில் விழுந்தால்தானே நிலைக்கும்? மீதியை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். "எங்க வீட்டு அவரை. என் கொடியில் காய்ச்சது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக் கொடுத்தேன்.

எதிர்வீட்டம்மா வாயில் கை வைத்தாள். "இன்னா டீச்சர், உங்களுக்கு ஆவாதே?"

"ஆகும், ஆகும். நான்தான் போட்டேன்" என்றேன், தெரு முழுக்கக் கேட்கும்படி.

பிள்ளை தங்கியது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான் என்று கேட்டதும் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கஞ்சியைக் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நீ அவரை பறிச்சியா?"

நோயாளியைப் பார்க்க வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். "முத்திப் போகுதுன்னு பறிச்சேன்" என்றேன்.

"பறிக்கறதுக்கு இன்னா. நான்தான் எத்தினி தடவ பறிச்சுக்கோன்னு சொன்னேன். நீதான் போட்டேன்னு தெருவெல்லாம் சொன்னியாமே? அது நான் போட்டது இல்லியாக்கா? எங்கப்பா வலைக்கா அது."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். தையல் போட்டுப் படுத்திருக்கிறவளிடம், உன் வயிற்றுப் பிள்ளை தங்காது என்று பயந்து உன் கொடியை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் ஒவ்வொரு வலிக்கும் அந்தக் கொடியைத்தான் நினைப்பாள். சொல்லாமல் வேறு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி டீச்சர் குரல்தான்.

"என் தோட்டத்தில் இருக்கு. என் தண்ணி குடிச்சுக் காய்க்குது. என் கொடிதான். இதுக்குப் போய் ஒரு பேச்சா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகும் கஞ்சி கொண்டுபோனேன். அவள் அம்மா வந்துவிட்டாள், வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள். தை முடிவதற்குள் அவளை நல்லவாட்டுக்கே அழைத்துப்போக ஏற்பாடாயிற்று. வண்டியில் ஏறும்போது நான் போய் நின்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

"வர்றேன் டீச்சர்" என்றாள்.

என் வீட்டில் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை என்று நான் சவால் விட்டிருந்தேன் அல்லவா. ஒன்று இருந்திருக்கிறது. வண்டி ரோட்டு முனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

மாசியிலும் கொடி காய்த்தது, வஞ்சனை இல்லாமல். பறித்தேன், கொடுத்தேன், சாப்பிட்டேன். அவரை போட்டால் துவரை முளைக்குமா என்பார்கள். எனக்கு என்ன முளைத்ததென்றே தெரியவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும்போது அடுப்பை விட்டு எழுந்துவிடுவேன். எழுந்த பிறகுதான் ஞாபகம் வரும். பங்குனி வெயிலில் கொடி காய்ந்தது. முற்றிய நெற்றுகளை மட்டும் உடைத்து, நல்ல விதையாகப் பொறுக்கி, சாம்பலில் புரட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். யாருக்கு என்று யோசிக்காமல் வைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது என்று எதிர்வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். நல்ல எடையாம், சுகப்பிரசவமாம். அன்றைக்கு எனக்கு நானே பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்குப் பாயசம் வைப்பது காய் வாங்குவதைவிடக் கஷ்டம். பாதியைப் பூனைகள் குடித்தன.

ஆடி பிறந்ததும் அவள் புருஷன் குட்டியானையோடு வந்தான், வீட்டைக் காலி செய்ய. நல்லவாட்டிலேயே மாமனார் வீட்டை ஒட்டி ஒரு வீடு பார்த்துவிட்டார்களாம். சாமானை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு என் வாசலுக்கு வந்தான். போனில் குழந்தையைக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, உலகத்தோடு சண்டைக்கு வந்தது மாதிரி இருந்தாள். பால்வாடியில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது, திரையில் ஒன்றும் தெரியவில்லை.

போனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான். "அக்காவாண்ட அவர வெத வாங்கியானு சொல்லி அனுப்பிச்சா. புது வூட்டாண்ட கொஞ்சம் நல்ல மண்ணு கீது. 'அக்கா எடுத்து வெச்சிருக்கும், நீ கேளு' ன்னா."

அவள் அக்கா என்று சொன்னதாகத்தான் சொன்னான். அவனாகச் சொன்னதா, அவள் சொல்லி அனுப்பியதா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு அப்படி இட்டுக்கட்டத் தெரியாது. அவள்தான் சொல்லியிருக்கிறாள். ஆறிவிட்டதா, புரிந்துவிட்டதா, குழந்தை வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டதா, தெரியாது. டப்பா எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

இந்த மண்ணில் விளைந்த விதை. என் கொடி என்று தெருவெல்லாம் சொல்லி நானே என் பேருக்கு எழுதிக்கொண்ட கொடியின் விதை. அதைக் கொண்டுபோய்க் குழந்தை தூங்குகிற வீட்டு வாசலில் போடச் சொல்வதா? பந்தலுக்குக் கீழே நிழல் நன்றாக இருக்கும். தூளி கட்டுவாள். கட்டாமல் இருப்பாளா?

"விதை எடுக்கலப்பா" என்றேன். "எல்லாம் வண்டு அடிச்சிடுச்சு."

"ஒண்ணு ரெண்டு கூடவா இல்லக்கா?"

"ஒண்ணும் இல்ல. மதகடிப்பட்டில் புது விதையா வாங்கிக் கொடு. இது வேண்டாம்."

குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். வெறும் கையோடு அனுப்ப மனசு வரவில்லை. பின்பக்கம் போய்ப் பந்தலிலிருந்து வலையை அவிழ்த்தேன். காய்ந்த கொடி கண்ணிக்குக் கண்ணி சுற்றியிருந்தது. ஒரு நெற்று, ஒரு சுருள்கூட ஒட்டியிருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அவன் "வுடுக்கா, கிழிஞ்ச வலைதான" என்று இரண்டு முறை சொன்னான். அவர்கள் வலை அவர்களிடமே இருக்கட்டும் என்று மடித்துக் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அது எப்படிப் போய்ச் சேரும் என்று உறைத்தது. விதை கேட்டவளுக்கு விதை இல்லை என்று சொல்லி, அவள் அப்பா வலையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நானாக இருந்தால் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கமாட்டேன். அவளும் மிதிக்கவில்லை.

டப்பாவில் இருந்த விதையை அந்த ஆடியிலேயே போட்டேன், என் கையால். எதிர்வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பந்தலுக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். பூனைகள் வருவதில்லை.

இப்போது மார்கழி. வலை இருந்தபோது காய்த்ததைவிட அதிகமாகக் காய்க்கிறது. பிள்ளை தங்கிவிட்டது, எனக்கு அது போதும் என்று பெரிய மனுஷியாகச் சொல்ல ஆசைதான். போதவில்லை. பறித்து முடித்ததும் முறத்தில் கை தானாக இரண்டு பங்கு பிரிக்கிறது. பிறகு ஒன்றாகச் சேர்த்துவிட்டு நார் உரிக்க உட்காருகிறேன். ஆனியில் பிறந்தவளுக்கு இப்போது ஆறு மாதம் ஆகிறது. உட்காரப் பழகியிருப்பாள். ஆறு மாதம் ஆனால் காயை வேகவைத்து மசித்து, நார் இல்லாமல் வடித்து, விரல் நுனியில் ஊட்ட வேண்டும். பால்வாடிக்கு வந்த தாய்மார்களுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது அது. நல்லவாட்டில் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.